ஒரே தண்டவாளத்தில் மூன்று தலைநகரங்கள்

காரைக்காலுக்குத் தலைநகரம் புதுச்சேரி. தலைமைச் செயலகத்தில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து 130 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ரயிலில் போகலாம் என்றால் விழுப்புரம் சுற்றியாக வேண்டும். புதுச்சேரியை வெளியுலகத்தோடு இணைக்கும் ஒரே இருப்புப்பாதை 1879-ல் விழுப்புரத்திலிருந்து போட்டதுதான். சொந்தத் தலைநகருக்கு நேர்வழி ரயில் பாதை இல்லாத ஊர் இது.

அதே காரைக்கால் நிலையத்தில் திருச்சி பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் வேறு தலைநகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சோழர்கள் முடிசூடிய ஊர்கள் ஐந்து என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் கணக்குச் சொல்கிறார்: புகார், ஆரூர், உறந்தை, சேய்ஞலூர், கருவூர். இவற்றில் ஆரூர் என்கிற திருவாரூரும் உறந்தை என்கிற உறையூரும் இந்தப் பாதையில் இருக்கின்றன. நடுவில் தஞ்சாவூர். விஜயாலயன் காலத்திலிருந்து பிற்காலச் சோழருக்கும், பிறகு நாயக்கருக்கும், அவர்களுக்குப் பின் மராத்தியருக்கும் தலைநகராக இருந்த ஊர். காரைக்காலிலிருந்து திருச்சி வரை மொத்தமே ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி, ஊர் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் நம் ஊர் ஜனங்கள் இந்த ரயிலில் எதற்காகப் போகிறார்கள்? தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு, திருச்சி விமான நிலையத்துக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு. ஊர் பார்க்கவென்று ரயிலேறுகிறவர்கள் குறைவு. கோயிலுக்கு என்றால் வேன் பிடித்து, ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஓட்டமும் நடையுமாக முடித்துவிட்டு அசந்துபோய்த் திரும்புகிறோம். ஒரு நாளுக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டு, சாதாரண பாசஞ்சர் ரயிலில் போய், நிதானமாகப் பார்த்துவிட்டு வரத் தமிழகத்தில் இதைவிட வாய்ப்பான பாதை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிரெஞ்சு அரசு போட்ட பாதை

காரைக்காலுக்கு ரயில் வந்த கதையே தனி. 1739-ல் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் துறைமுகத்தைப் பெற்றார்கள். நாகப்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1861-லேயே ரயில் விட்டுவிட்டார்கள். நாகையிலிருந்து திருச்சி வரை ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா’ கம்பெனி போட்ட அகலப் பாதை அது. பிறகு மீட்டர் கேஜாகச் சுருங்கி, நம் காலத்தில் மறுபடி அகலமானது. பக்கத்து ஊரில் ரயில் ஓடுவதைக் காரைக்கால் முப்பத்தேழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. 1898-ல் பிரெஞ்சு அரசு தன் சொந்தச் செலவில் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 23 கிலோமீட்டர் பாதை போட்டது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதை பிரெஞ்சுக்காரருடையது, வண்டி ஆங்கிலேயருடையது. அம்பகரத்தூர், பத்தக்குடி, திருநள்ளாறு வழியாக எல்லையைக் கடந்து வரும் அந்த வண்டியில் மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் சுங்கச் சோதனைக்கும் ஆளாக வேண்டியிருந்தது. 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் அந்தக் கெடுபிடி ஒழிந்தது.

1980-களின் பிற்பகுதியில் அந்தப் பாதையை மூடினார்கள். கால் நூற்றாண்டுக் காலம் காரைக்காலில் ரயில் சத்தம் இல்லை. திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து குவியும்போது அத்தனை பேரையும் பேருந்துகளே சுமந்தன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயில் பார்க்க நாகூருக்குப் போக வேண்டியிருந்தது. 2011 டிசம்பரில் நாகூர்–காரைக்கால் புதிய அகலப் பாதை திறந்தபோதுதான் மறுபடி ரயில் வந்தது. பத்துக் கிலோமீட்டர்ப் பாதை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் காரைக்காலைச் சோழநாட்டின் நடுமுதுகில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று எர்ணாகுளம், பெங்களூரு, சென்னை எழும்பூர், மும்பை என்று தொலைதூர வண்டிகள் காரைக்கால் பெயரைத் தாங்கி ஓடுகின்றன.

மண்ணில் புதைந்த ஊர், கடலைப் பார்த்த ஊர்

வண்டி கிளம்பியதும் அரசலாறு. அடுத்து திருமலைராஜன் ஆறு, வெட்டாறு என்று ஆறு ஆறாகக் கடக்கிறது. காவிரி கடைசியாகப் பல கிளையாகப் பிரிந்து கடலில் விழும் இடம் இது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் தென்னைக்கு அப்பால் கடல் இருக்கும் வெளிச்சம். எதிரே வரும் வண்டி பெரும்பாலும் துறைமுகத்து நிலக்கரி வேகன்களாக இருக்கும். ஒற்றைப் பாதை என்பதால் அது கடக்கும் வரை நம் வண்டி நிற்க வேண்டியதுதான்.

திருமலைராயன்பட்டினம் வருகிறது. உள்ளூரில் டி.ஆர்.பட்டினம். காளமேகப் புலவர் இந்த ஊர் அரசன் சபையில் அவமானப்பட்டு, எமகண்டம் பாடி வென்ற பிறகும் மரியாதை கிடைக்காமல், மண்மாரி பெய்து ஊர் அழியட்டும் என்று வசை பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை. கடலோர மணல்மேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை ஏன் இங்கே பிறந்தது என்று புரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதையின் மறுமுனையிலும் ஒரு மண்மாரிக் கதை காத்திருக்கிறது.

நாகூரில் இறங்கினால் நடந்துபோகிற தூரத்தில் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கிய இடத்துக்கு ஓர் இந்து அரசர் கட்டிய கோபுரம் இன்றும் கடலில் வரும் படகுக்காரருக்கு அடையாளமாக நிற்கிறது. கந்தூரிக் கொடி ஏற்றத்துக்குக் கூடும் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாயங்காலம் திரும்பும் வழியில் இறங்குகிறவர்கள் கடைத்தெருவில் வாடாவும் தம்ரூட்டும் வாங்காமல் வரக்கூடாது.

அடுத்தது நாகப்பட்டினம். பல்லவர் காலத்திலிருந்து கடல் பார்த்த ஊர் என்றாலும், பெரிய கதை 1006-ம் ஆண்டு வாக்கில் நடந்தது. ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தைக் கட்டினான். அதற்குச் சிவபக்தனான ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். பெண் யானையை ஊர் எல்லையைச் சுற்றி நடக்க விட்டு அளந்து கொடுத்த ஊர். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல் வருமானம். அந்தக் கொடைக்கான செப்பேட்டை 21 பெரிய ஏடுகளாக வெட்டினார்கள். வளையத்தோடும் முத்திரையோடும் சேர்த்து முப்பது கிலோ அளவு கனம். டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் அதற்கு லெய்டன் செப்பேடு என்று பெயர் வந்துவிட்டது. ஆனைமங்கலம் இதோ, அடுத்து வரும் கீழ்வேளூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது.

விகாரத்தின் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. கப்பல்காரர்கள் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். 1867-ல் ஏசு சபையார் அரசின் அனுமதியோடு அதை இடித்தார்கள். அவர்கள் 1844-ல் நாகையில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-ல் திருச்சிக்குக் குடிபோனது. ரயில் கம்பெனியின் தலைமையகமும் நாகையை விட்டுத் திருச்சிக்குப் போனது. அதன் பணிமனையும் 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் போய்விட்டது. நாகையின் வளமெல்லாம் இந்தத் தண்டவாளத்தின் வழியே ஒவ்வொன்றாகத் திருச்சிக்கு நகர்ந்த காலம் அது. மிஞ்சியது துறைமுகம். ‘ரஜூலா’ கப்பல் ஓடிய வரை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் ரயிலில் இங்கே வந்து இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். காரைக்கால், நாகூர்க் குடும்பங்களில் மலேயா போன தாத்தா ஒருவராவது இருப்பார்.

1856 தொடங்கிச் சுமார் எண்பது ஆண்டுகளில் நாகையில் ஏறக்குறைய 350 புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். காரைக்காலிலிருந்து இரவில் கிளம்பும் சென்னை வண்டி போய் நிற்பதும் எழும்பூரில்தான். அருங்காட்சியகம் பக்கத்திலேயே. நாகையின் புத்தர்களைப் பார்க்க நாகையைத் தாண்டி ஓர் இரவு பயணம் செய்ய வேண்டியிருப்பது மனத்தை உறுத்துகிறது. ஆனாலும் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். தலைக்கு மேல் எழும் தீச்சுடர் போன்ற அந்த உச்சி, நம் ஊர்ப் பக்கத்துக் கன்னார் கை வேலை என்பதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு விம்முகிறது.

கீழ்வேளூரில் ஒரு நிமிடம்

சிக்கல் தாண்டிக் கீழ்வேளூர். வண்டி ஒரு நிமிடம் நிற்கிறது. வரலாறு என்றால் அரசர்கள் மட்டும் என்று நினைப்பவர்கள் இங்கே இறங்க வேண்டும். இந்தப் பகுதியில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் தஞ்சம் புகுந்த ஒரு குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஜன்னலில் தெரியும் பச்சை வயல் யாருடைய உழைப்பில் பச்சையாக இருந்தது என்பதற்கு வெண்மணி நினைவிடம் சாட்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் எத்தனை கலம் நெல் விளைந்தது என்று செம்பில் வெட்டி வைத்தார்கள். விளைவித்தவன் இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்கு நம் காலத்தின் நினைவுக்குள்ளேயே உயிரை எடுத்தார்கள். பெரிய கோயிலைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கூட்டிப் போக வேண்டும்.

ஆரூர்

திருவாரூர் சந்திப்பில் இறங்கி ஊருக்குள் போனால், முதலில் கண்ணில் படுவது கமலாலயம். குளம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும் பரப்பு. நடுவில் நாகநாதர் கோயில். படகில்தான் போக வேண்டும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரில் சொல்வார்கள்.

தியாகராஜர் கோயிலில் ஆழித்தேரை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். அலங்கரித்து முடித்தால் 96 அடி, எடை சுமார் 300 டன். பங்குனியில் தேர் ஓடும் நாளில் போனால் கூட்டத்தில் நசுங்கலாம், ஆனால் வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். கன்றை இழந்த பசு மணியடித்த கதைக்குச் சாட்சியாகக் கல்தேரும் உண்டு. கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் மூவரும் 1762-லிருந்து 1775-க்குள் இந்த ஊரின் தெருக்களில் பிறந்தவர்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்தவை.

பலர் பார்க்காமல் விட்டுவிடுவது தேவாசிரிய மண்டபத்தின் விதானம். கழுத்தை அண்ணாந்து பாருங்கள். முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரை ஆரூருக்குக் கொண்டுவந்த கதை வரிசை வரிசையாக ஓவியமாக ஓடுகிறது. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் வரைந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வாண வேடிக்கையும் ஊர்வலமும் குடையும் கொம்பும் தேவர் கூட்டமும் வருகின்றன. அந்தக் காலத்துத் திருவாரூர்த் திருவிழாவையே ஓவியர் வானுலகத்துக்குத் தூக்கிப் போட்டிருக்கிறார் என்று தோன்றும். சில இடங்களில் நிறம் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். காலை நேரத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். நம் கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். ரயில் அட்டவணையைவிட இந்த நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலையில் கோயில், மத்தியானம் அருங்காட்சியகம் அல்லது நூலகம், சாயங்காலம் திரும்பும் வண்டி. இந்த வரிசை தவறினால் சாத்திய கதவுக்கு முன் உட்கார்ந்து வெயில் காய வேண்டியதுதான்.

கோவில்வெண்ணியைத் தூங்கிக் கடக்காதீர்கள்

நீடாமங்கலம் சந்திப்பு தாண்டியதும் கோவில்வெண்ணி என்று ஒரு சின்ன நிலையம். சர்க்கரை நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ள வரும் கரும்பேஸ்வரர் கோயில் ஊர். சங்க காலத்தில் இதன் பெயர் வெண்ணி. கரிகாலன் இளைஞனாக இருந்தபோது சேரனும் பாண்டியனும் வேளிர் பதினொருவரும் சேர்ந்து வந்தார்கள். வெண்ணிப் பறந்தலையில் எல்லாரையும் தோற்கடித்தான். சேரன் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியாக வெளியே வந்ததால், முதுகில் புண் பட்டது அவமானம் என்று அவன் வடக்கிருந்து உயிர்விட்டான்.

வென்றவனைப் புகழ்ந்து பாடுவதுதான் புலவர் வழக்கம். அந்த ஊரிலேயே ஒரு குயவர் வீட்டுப் பெண் இருந்தாள். பெயர் தெரியாததால் வெண்ணிக் குயத்தியார் என்றே அழைக்கிறோம். அவள் கரிகாலனின் முகத்துக்கு நேரே, வென்ற உன்னைவிட நாணி உயிர்விட்டவன் நல்லவன் அல்லவா என்று கேட்டாள். புறநானூற்றில் அது 66-ம் பாட்டு. எந்த அரசனும் எழுதி வைக்க விரும்பாத கேள்வியை ஓர் ஊர்ப்பெண் கேட்டு, அது இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. வண்டி இங்கே நிற்கும் நேரம் மிகக் குறைவு. பெயர்ப் பலகை கடந்துபோவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடலாம்.

தஞ்சை: கல்லில் எழுதிய முகவரிகள்

தஞ்சாவூர் நிலையத்திலிருந்து பெரிய கோயிலுக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். 1010-ல் ராஜராஜன் கும்பாபிஷேகம் செய்த கோயில், விமானம் 216 அடி, 1987-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். இவை பாடப்புத்தகத்திலேயே உண்டு. நான் சொல்ல விரும்புவது சுவரைப் பற்றி.

விமானத்தின் அடியிலிருந்து திருச்சுற்றுச் சுவர் வரை கல்வெட்டு எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. தான் கொடுத்ததையும், தன் அக்காள் குந்தவை கொடுத்ததையும், மனைவியரும் அதிகாரிகளும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். எத்தனை பொன், எந்த நகை, அதில் எத்தனை முத்து, எடை என்ன என்பது வரை கணக்கு உண்டு. எந்த ஊர்ச் சபைக்குக் கோயில் பணத்தைக் கடன் கொடுத்தார்கள், அதற்கு வட்டி எவ்வளவு என்பதும் உண்டு. இந்தக் கணக்குகளில் மனத்தைத் தொடுவது தளிச்சேரிப் பெண்களின் பட்டியல். கோயிலில் ஆடவும் பாடவும் பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 பெண்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. ஒவ்வொருத்தி பெயருக்கும் முன்னால் நக்கன் என்று வரும். அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் வரும். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல்.

அவர்கள் வந்த ஊர்களில் திருவாரூர் இருக்கிறது. நாகப்பட்டினத்துக் காரோணம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாகையிலிருந்தும் ஆரூரிலிருந்தும் கிளம்பிய பெண்கள், நீங்கள் காலையில் பாசஞ்சரில் வந்த இதே திசையில் வண்டி கட்டித் தஞ்சைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் விரும்பி வந்தார்களா, ஊரை விட்டு வரும்போது அழுதார்களா என்பதைக் கல் சொல்லாது. ஆனால் கதவிலக்கத்தோடு பெயர் இருக்கிறது. உலகத்தில் எந்தப் பேரரசின் தலைநகரிலும் சாதாரணப் பெண்கள் 400 பேரின் முகவரி இப்படிக் கல்லில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கல்வெட்டு படிக்கத் தெரியவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். எழுத்தை விரலால் தொடாமல், சுவரோரம் நின்று உற்றுப் பார்த்தால் சில எழுத்துகள் பிடிபடும். க, ப, ம, ட இவற்றைப் பள்ளிப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிபட்ட நொடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நடை சாத்தியதும் அரண்மனைக்குப் போங்கள். கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள்; பக்கத்தில் சரசுவதி மகால் நூலகம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி ஐரோப்பாவிலிருந்தும் காசியிலிருந்தும் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த இடம். ஓலைச்சுவடியும் பிரெஞ்சு மருத்துவப் படமும் ஒரே கூரையின் கீழ். காரைக்கால்காரருக்கு அதில் ஒரு சொந்தம் உண்டு; நம் ஊரைப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்ததும் இந்த மராத்திய வம்சம்தான்.

உறையூரின் மண்மாரி

திருச்சி வரை போகிறவர்களுக்கு நேரம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட வேண்டாம். உறையூருக்குப் போங்கள். சங்க காலச் சோழரின் தலைநகரம், கோழி யானையை விரட்டியதாகக் கதை சொல்லும் கோழியூர். கிரேக்கக் கடலோடிகளின் குறிப்பேடு இவ்வூரின் மெல்லிய துணியைப் பேசுகிறது. இன்று அரண்மனையும் இல்லை, மதிலும் இல்லை. நெருக்கமான தெருக்கள், கைத்தறிக்காரர் வீடுகள், வெக்காளியம்மன் கோயில்.

வெக்காளியம்மனுக்குக் கருவறையில் கூரை கிடையாது. முனிவர் சாபத்தால் மண்மாரி பெய்து உறையூர் அழிந்தபோது, வீடிழந்த ஜனங்களோடு தானும் வானத்தின் கீழ் இருப்பேன் என்று அம்மன் சொன்னதாக ஐதீகம். டி.ஆர்.பட்டினத்தில் புலவர் வசை, உறையூரில் முனிவர் சாபம். இரண்டிலும் பெய்தது மண். காவிரிக் கரையில் வாழ்ந்தவர்கள் வெள்ளமும் மணலும் ஊரை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த நினைவைத்தான் பாதையின் இரு முனையிலும் கதையாகக் கட்டி வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

நேரம் மிஞ்சினால் சந்திப்புக்குப் பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, 2014-ல் திறந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பழைய பொருள்களும் ஆவணங்களும் அங்கே உண்டு. நாகையில் பிறந்த ரயிலின் ஜாதகம் திருச்சியில் இருக்கிறது.

வளையம் முழுமையாகட்டும்

இப்போது பேரளம் பாதைக்கு வருவோம். மூடிய பாதையை அகலப் பாதையாகப் புதிதாய்ப் போட்டு, 2025-ல் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் முடிந்தது. 1898-ல் பிரெஞ்சு அரசு போட்ட வழியிலேயே மின்சாரக் கம்பியோடு தண்டவாளம் திருநள்ளாற்றைத் தொட்டுப் போகிறது. காரைக்காலுக்கு இனி இரண்டு வாசல். தெற்கு வாசல் நாகூர் வழியாக ஆரூருக்கும் தஞ்சைக்கும் போகிறது. மேற்கு வாசல் பேரளம் வழியாக மயிலாடுதுறைக்கு. அங்கிருந்து ஒரு பக்கம் சிதம்பரம், மறுபக்கம் கும்பகோணம். கும்பகோணத்தில் இறங்கினால் தாராசுரமும், ராஜராஜன் வளர்ந்த பழையாறையும் ஆட்டோ தூரத்தில்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். காரைக்கால், பேரளம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மறுபடி காரைக்கால். முழு வளையம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சோழநாட்டின் மாலையை ஒரே நாளில் சுற்றி வரலாம், எங்கும் பாதை அறுபடாமல். விட்டுப்போனது தரங்கம்பாடி மட்டும்தான். மயிலாடுதுறையிலிருந்து அங்கே 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை 1986-ல் மூடிவிட்டார்கள். டேனிஷ்காரர் 1620-ல் கோட்டை கட்டிய அந்த ஊருக்குக் காரைக்காலிலிருந்து பேருந்து இருக்கிறது, கூப்பிடு தூரம். ஆனாலும் அந்தப் பாதையும் திரும்ப வர வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்பது நியாயமான கோரிக்கை.

தண்டவாளம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. இனி கேட்க வேண்டியது நேரத்தை. இப்போதைய அட்டவணை சென்னைக்கும் கேரளத்துக்கும் போகிறவர்களையும், இணைப்பு வண்டி பிடிப்பவர்களையும் மனத்தில் வைத்துப் போட்டது. ஊர் பார்க்கப் போகிறவருக்கு வேண்டியது எளிமையானது: விடிந்ததும் காரைக்காலை விட்டு, ஒன்பது மணிக்குள் தஞ்சாவூரில் கொண்டுபோய் விடும் ஒரு வண்டி, சாயங்கால நடை திறந்து தரிசனம் முடித்த பிறகு, ஆறரை மணிக்கு மேல் அங்கிருந்து கிளம்பும் ஒரு வண்டி. இதே நேரக்கணக்கில் பேரளம் வழியாகக் கும்பகோணத்துக்கு ஒன்று. சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நடுவழியில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் முடியக்கூடியவையே. திருநள்ளாற்றுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கும் இது உதவும். சனிக்கிழமை நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு மத்தியானமே ஊர் திரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி இருந்தால் தங்கித் தஞ்சையும் பார்ப்பார்கள். காரைக்கால் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் அதில் பிழைப்பு உண்டு.

இதைக் கேட்க வேண்டிய இடம் திருச்சிக் கோட்டம். புதுச்சேரி அரசும், நம் ஒரே மக்களவை உறுப்பினரும், வணிகர்களும் சேர்ந்து கேட்டால் வார இறுதி வளைய வண்டி ஒன்றைச் சோதனையாக ஓட்டிப் பார்க்கச் செய்யலாம். கேட்கும்போது ஒன்றை மறக்காமல் சேர்த்துக் கேளுங்கள்: அதை ‘சுற்றுலா ரயில்’ என்று பெயரிட்டு, குளிர்சாதனப் பெட்டி மாட்டி, கட்டணத்தை ஏற்றிவிட வேண்டாம். சாதாரண பாசஞ்சர் கட்டணமே போதும். நெடுங்காட்டிலும் நிரவியிலும் கோட்டுச்சேரியிலும் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள், வாத்தியாரம்மாவோடு புளிச்சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஏறுகிற வண்டியாக அது இருக்க வேண்டும்.